ஏவாள் தின்ற கனியும் ஔவை தின்ற கனியும்

(தருமபுரியில் நடந்த வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



ஆதாம் ஏவாள் கதையை வைத்துப் புலவர்கள் பாடியிருக்கும் பாட்டுகளை ஒன்றோடொன்று ஒத்திட்டுப் பேசவேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கவிதைப் பண்டிதன் அல்ல. யாப்பு, அணி, அலங்காரம் ஆகியவைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால், ஒரு பாட்டில் குற்றம் யார் தலையில் போடப்படுகிறது, தண்டனை யார் முதுகில் விழுகிறது, அதனால் லாபம் யாருக்கு என்று பார்ப்பதற்குப் பண்டிதனாயிருக்க வேண்டிய அவசியமில்லை. சந்தையில் புளி வாங்குகிறவனுக்கு எடை பார்க்கத் தெரிந்தால் போதும். தராசு செய்யத் தெரிய வேண்டியதில்லை.

கோவிலூர்ப் பக்கத்திலிருந்து கிறிஸ்தவத் தோழர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். அவர்கள் மனவருத்தப்பட வேண்டாம். மற்றவர்கள், "இன்று அவர்கள் முறை, நமக்கென்ன" என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது. நம் வீட்டு அகலிகையும் சற்று நேரத்தில் வருவாள். (சிரிப்பு)

முதலில் மூலக் கதையைப் பார்ப்போம். பைபிளில் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் இருப்பது மிகச் சிறிய கதை. நாலைந்து நிமிஷத்தில் வாசித்து விடலாம். அதில் சாத்தான் என்ற பெயர் கிடையாது. பேசுவது வெறும் பாம்புதான். ஆப்பிள் கிடையாது, ஏதோ ஒரு கனி, அவ்வளவே. அந்த அதிகாரத்தில் "பாவம்" என்ற வார்த்தைகூட இல்லை; அது அடுத்த அதிகாரத்தில், காயீன் கதையில்தான் முதன்முதல் வருகிறது. இவையெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். "இந்த மரத்தின் கனியைத் தின்னாதே" என்று கடவுள் உத்தரவு போட்டது எப்போது? இரண்டாம் அதிகாரத்தில், ஆதாம் தனியாக இருக்கும்போது. அப்போது ஏவாள் உண்டாக்கப்படவேயில்லை. ஆகவே, அந்த உத்தரவு ஆதாமுக்கு நேரில் சொல்லப்பட்டது. ஏவாளுக்கு நேரில் சொன்னதாக அங்கே ஒரு வரியும் இல்லை. தின்ற நாளில் சாவீர்கள் என்றார் கடவுள். சாகமாட்டீர்கள், கண் திறக்கும் என்றது பாம்பு. தின்றார்கள், கண் திறந்தது, அன்று யாரும் சாகவில்லை. ஆதாம் 930 வருஷம் இருந்தானென்று அதே புஸ்தகம் கணக்குச் சொல்லுகிறது. ஆவிக்குரிய சாவு என்று பாதிரிமார்கள் வியாக்கியானம் செய்வார்கள். வியாக்கியானம் செய்யவேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதுதான் நம் கேள்வி.

விசாரணை நடக்கிறது. ஆதாம் என்ன சொல்லுகிறான்? நீர் எனக்குக் கொடுத்த அந்தப் பெண் கொடுத்தாள், தின்றேன் என்கிறான். ஒரே மூச்சில் கடவுள் மேலும் பெண்சாதி மேலும் பழி! தீர்ப்பு வருகிறது. பெண்ணுக்குப் பிரசவ வேதனையும், புருஷன் அவளை ஆளுவான் என்பதும். இந்தத் தீர்ப்புத்தான் ஐயா விஷயம். இது கதையாக மட்டும் இருந்திருந்தால் நாம் இங்கே கூடியிருக்க வேண்டியதில்லை. பெண் அமைதியாக இருந்து கற்கவேண்டும், ஆணுக்கு உபதேசம் செய்யக்கூடாது, ஏனென்றால் ஏமாந்தவள் ஏவாள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ஸன் என்ற டாக்டர் பிரசவ வேதனை தெரியாமலிருக்கக் குளோரோபாரம் கொடுக்க ஆரம்பித்தபோது, கடவுள் விதித்த வேதனையை நீக்கலாமா என்ற ஆட்சேபத்துக்கு அவர் ஒரு சிறு புஸ்தகம் எழுதியே பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதிலும் வேடிக்கையானது: ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுளே அவனைத் தூங்க வைத்துத்தானே ஆபரேஷன் செய்தார் என்றார்! (சிரிப்பும் கைதட்டலும்) 1853-ல் விக்டோரியா ராணியே பிரசவத்துக்குக் குளோரோபாரம் வாங்கிக்கொண்ட பிறகு வாய்கள் மெல்ல அடங்கின.

இனிப் பாட்டுகளுக்கு வருவோம்.

1611-ஆம் வருஷம் இங்கிலாந்தில் இரண்டு புஸ்தகங்கள் வெளியாயின. ஒன்று, ஜேம்ஸ் ராஜா உத்தரவின்பேரில் செய்யப்பட்ட இங்கிலீஷ் பைபிள். அது உலகமெல்லாம் போயிற்று. மற்றொன்று எமிலியா லேனியர் என்ற பெண்மணி எழுதிய செய்யுள் நூல். இந்த அம்மையார் அரண்மனைச் சங்கீத வித்வான் ஒருவரின் மகள். தகப்பனார் வெனிஸிலிருந்து வந்த குடும்பத்தவர். நூல் இயேசுவின் பாடுகளைப் பற்றியது, பக்தி நூல்தான். ஆனால் அதன் நடுவே ஒரு பகுதி ஏவாளுக்காக வாதாடும் வக்கீல் பேச்சாக இருக்கிறது. எந்த இடத்தில் அது வருகிறது தெரியுமா? பிலாத்து இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லப் போகிறான். அவன் மனைவி, அந்த நீதிமானை ஒன்றும் செய்யாதேயும் என்று சொல்லியனுப்புகிறாளே, அந்த இடத்தில். பைபிளில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஒரே ஒரு வாக்கியம் பேசுகிற அந்தப் பெண்ணின் குரலைப் பிடித்துக்கொண்டு லேனியர் அம்மை பேசுகிறாள்.

அவள் வாதம் இது: உத்தரவைக் கடவுள் வாயால் நேரில் கேட்டவன் ஆதாம். அவனே பலசாலி, அவனே எஜமான் என்கிறீர்கள். எஜமானுக்குப் பொறுப்பில்லையா? ஏவாள் சூதுவாது தெரியாமல் ஏமாந்தாள். அவன் எதனால் ஏமாந்தான்? பழம் அழகாயிருந்தது என்று தின்றான். அவள் கையிலிருந்து வந்த அறிவைத்தானே இன்று ஆண்கள் புஸ்தகம் புஸ்தகமாக எழுதிப் பெருமையடித்துக் கொள்ளுகிறீர்கள்? சரி, அவள் செய்தது குற்றமென்றே இருக்கட்டும். ஒரு குற்றமும் செய்யாதவரைச் சிலுவையில் அறையத் தீர்ப்புச் சொன்னவர்கள் யார்? ஆண்கள். இதில் எது பெரிய குற்றம்? ஆகையால் எங்கள் சுதந்தரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிறாள்.

நானூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண் இப்படிக் கேட்டிருக்கிறாள்! பைபிளை மறுத்தல்ல, பைபிளை வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். இதை மெச்ச வேண்டியதுதான். ஆனால் இந்த வாதத்தில் ஒரு பலவீனமும் உண்டு. "பாவம், அவளுக்குத் தெரியாது, ஏமாந்துவிட்டாள்" என்பது மன்னிப்புக் கேட்கும் வாதம். தெரிந்துகொள்ள ஆசைப்படுவது குற்றமா என்று திருப்பிக் கேட்கும் வாதம் அல்ல. அந்தக் காலத்தில் அவ்வளவுதான் கேட்க முடிந்தது போலும்.

அடுத்தவர் மில்டன். இவரிடம் சற்று அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இவர் நம்மவர் போன்ற மனிதர். ராஜாவின் தலையை வெட்டியது நியாயம் என்று 1649-ல் புஸ்தகம் எழுதியவர். புஸ்தகங்களுக்குச் சர்க்கார் அனுமதி வாங்கவேண்டும் என்ற சட்டத்தை 1644-ல் எதிர்த்து எழுதியவர். மனம் ஒத்துப்போகாத புருஷனும் பெண்சாதியும் பிரிந்துகொள்ளலாம் என்று 1643-லேயே எழுதி, பாதிரிகளிடம் வசவு வாங்கியவர். நம் இயக்கத்தின் செங்கற்பட்டு மகாநாட்டில் 1929-ல் கலியாண ரத்துரிமைக்காகப் பேசியபோது நம்மவர்கள் வாங்கிய வசவு அதைவிடக் குறைவல்ல. ராஜ்யம் மாறி, கண் பார்வையும் முழுக்கப் போன பிறகு, வாயால் சொல்லிச் சொல்லி எழுதுவித்து, 1667-ல் அவர் வெளியிட்டதுதான் "இழந்த சுவர்க்கம்" என்ற பெருங்காப்பியம்.

ராஜாவை ஒப்பாத இந்தப் பெரியவர் வீட்டுக்குள் மட்டும் ஒரு ராஜாவை வைத்துக்கொண்டார். ஆண் கடவுளுக்காக, பெண் ஆணுக்குள்ளிருக்கும் கடவுளுக்காக என்பது அவர் நூலின் கொள்கை. "கணவனே கண்கண்ட தெய்வம்" என்று நம் வீட்டுச் சுவரில் எழுதி மாட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கடல் தாண்டினாலும் சரக்கு ஒன்றுதான்.

ஆனால் மில்டன் நிஜமான கவி. நிஜமான கவிக்கு ஒரு கஷ்டமுண்டு. எதிராளியைப் பேசவிட்டால் அவன் நன்றாகப் பேசிவிடுவான். ஒன்பதாம் காண்டத்தில் ஏவாள், இன்று நாம் தனித்தனியே போய்த் தோட்ட வேலை செய்வோம் என்கிறாள். ஆதாம் பயப்படுகிறான், எதிரி வருவான், என் பக்கத்திலேயே இரு என்கிறான். அதற்கு அவள், பயந்து பயந்து ஒரு மூலையில் இருப்பதுதான் சுவர்க்கமா, சோதனைக்கு உட்படாத நல்ல குணம் ஒரு நல்ல குணமா என்று கேட்கிறாள். தோழர்களே, இந்த வாதம் யாருடையது? மில்டனுடையதேதான்! புஸ்தகங்களுக்குத் தடை கூடாதென்று 1644-ல் அவர் எழுதியபோது, கெட்டதைப் படித்தும் நல்லதைத் தெரிந்தெடுப்பவனே நல்லவன், கூட்டுக்குள் அடைபட்ட நல்லதனம் உதவாது என்றுதான் வாதாடினார். தான் சொன்னால் சுதந்தரம். அதையே ஏவாள் சொன்னால் வீழ்ச்சிக்கு முதற்படி! கூட்டுக்கு வெளியே வந்தவள் ஒரு பெண் என்றவுடன் பெரியவருக்குக் கொள்கை மறந்து போயிற்று.

பிறகு பாம்பு வருகிறது. நான் இந்தக் கனியைத் தின்றேன். அதனால்தான் எனக்குப் பேச்சு வந்தது என்று சொல்லுகிறது. ஏவாள் உடனே பாய்ந்து பறித்துத் தின்றுவிடவில்லை. யோசிக்கிறாள். பாம்பு தின்றதாம், சாகவில்லை; பேசவும் செய்கிறது. நல்லது எது என்று தெரியாமலே நல்லதை எப்படித் தேடுவது, தெரிந்துகொள்வதையே தடுப்பது எப்படி நியாயம் என்று கேட்டுக்கொள்ளுகிறாள். கண்ணெதிரே இருக்கும் அத்தாட்சியை வைத்து முடிவுக்கு வருகிறாள். பாம்பு பொய் சொன்னது உண்மை. அதனால் அவள் முடிவு தவறியிருக்கலாம். ஆனால் அவள் யோசித்த முறை நம் முறை.

தின்ற பிறகு அவளுக்கு வரும் எண்ணத்தைத்தான் நான் மிகவும் கவனித்தேன். இந்த அறிவை ஆதாமுக்குக் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டால் அவனுக்குச் சமமாகலாமே, ஒரு வேளை மேலாகவும் ஆகலாமே, தாழ்ந்தவள் எப்படிச் சுதந்தரமாக இருக்க முடியும் என்று நினைக்கிறாள். மில்டன் இதை அவளுடைய கெட்ட புத்திக்கு அடையாளமாக எழுதியிருக்கிறார். ஒரு அடிமை சமத்துவத்தை நினைத்த முதல் நிமிஷம் என்று நாம் படிக்கிறோம். எழுதியவர் அவர், ஆனால் படிக்கிற உரிமை நம்முடையது.

பத்தாம் காண்டத்தில் ஆதாம் அவளைத் திட்டித் தீர்க்கிறான். பெண்ணென்று ஒன்றை ஏன் படைத்தாய் கடவுளே என்றுகூட அழுகிறான். அவளோ, தண்டனை முழுவதும் என் மேலேயே விழட்டும் என்கிறாள். பெருந்தன்மை யாரிடம் இருக்கிறது பாருங்கள். கடைசியில் இருவரும் கைகோத்துக்கொண்டு தோட்டத்தை விட்டு வெளியே நடந்து போகிறார்கள். அந்த இடத்தில் மில்டனிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சமமான இரண்டு மனிதர்கள் முதன்முதலாக அந்த நூலில் அங்கேதான் தென்படுகிறார்கள், அதுவும் சுவர்க்கத்துக்கு வெளியே வந்த பிறகு!

இந்த நூலின் முதற் காண்டத்தைத் தமிழில் "சுவர்க்க நீக்கம்" என்ற பெயரால் செய்யுளாக்கியவர் வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார். முதற் காண்டத்தில் ஏவாள் இல்லை. நரகத்தில் விழுந்த சாத்தானும் அவன் கூட்டாளிகளும்தான். ஆகவே அந்தப் புஸ்தகத்தில் தமிழனுக்குக் கிடைத்தது சாத்தான் மட்டும். ஆனால் அதே முதலியாரவர்கள் "அகலிகை வெண்பா" என்றும் ஒரு நூல் செய்திருக்கிறார். ஒரே கையால் சுவர்க்க நீக்கமும் அகலிகையும்! இது தற்செயலோ என்னவோ, சோதனையில் விழுந்தவள் என்று சொல்லப்பட்ட பெண்ணைத் தேடினால் தமிழன் வீட்டில் முதலில் எழுந்து நிற்பவள் அகலிகைதான்.

அவள் கதையில் பாம்பு யார்? தேவர்களுக்கெல்லாம் ராஜாவான இந்திரன். கௌதமன் வேஷம் போட்டுக்கொண்டு வந்தான். வால்மீகி, அவள் வந்தவன் இந்திரனென்று தெரிந்தே, தேவராஜன் மேலுள்ள ஆவலால் இணங்கினாள் என்று ஒளிக்காமல் சொல்லுகிறார். கம்பர், முதலில் தெரியாமலிருந்து, நடுவில் தெரிந்தும் விலகவில்லை என்று ஆக்குகிறார்; கடைசியில் முனிவன் அவளை ஏற்றுக்கொள்ளும்போது மனத்தால் பிழை செய்யாதவள் என்றும் சொல்ல வைக்கிறார். தெரிந்தவள் என்று எழுதிவிட்டுப் பிழையில்லாதவள் என்றும் எழுதினால் இதில் எது நிஜமென்று கம்பன் அன்பர்கள்தான் சொல்லவேண்டும். வால்மீகியில் அவள் காற்றைக் குடித்துச் சாம்பலில் கிடக்கிறாள், கம்பரில் கல்லாகிறாள். தமிழுக்கு வந்ததும் தண்டனை இன்னும் கெட்டிப்பட்டது! இந்திரனுக்கோ கம்பரில் உடம்பெல்லாம் ஆயிரம் குறி உண்டாகும்படி சாபம். தேவர்கள் போய் மனுப் போட்டார்கள், குறிகள் கண்களாக மாற்றப்பட்டன. ஆயிரங்கண்ணன் என்று பட்டமும் ஆயிற்று. அவள் கல், அவனுக்குப் பட்டம்.

கம்பராமாயணத்தைப் பற்றிய வாதப் போரை 1943 மார்ச்சில் தோழர் அண்ணாதுரை சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு நடத்தினார். அப்போது இந்தத் தருமபுரி சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. 1965-ல்தான் தனி ஜில்லாவாயிற்று. அந்த வாதம் பெரும்பாலும் ஆரியம், திராவிடம் என்பதைப் பற்றிச் சென்றது. அகலிகையைத் தனியே எடுத்து விசாரிக்கும் வேலை நமக்கு இன்னும் பாக்கியிருக்கிறது.

இந்திரன் சமாச்சாரம் அதோடு தீரவில்லை. தைத்திரீய சம்ஹிதையில் ஒரு கதை. இந்திரன் விசுவரூபன் என்ற பிராமணனைக் கொன்று பிரமஹத்தி பிடித்துக்கொள்ளுகிறது. அந்தப் பாவத்தை மூன்று பங்கு வைத்துப் பூமிக்கும் மரத்துக்கும் பெண்களுக்கும் கொடுத்து விடுகிறான். பெண்களுக்குக் கொடுத்த பங்குதான் மாதவிலக்காம்! ஏவாளாவது தான் தின்ற பழத்துக்குத் தண்டனை வாங்கினாள். நம் பாட்டிமார்கள், எவனோ ஒரு தேவன் செய்த கொலைக்குக் கொல்லைப்புறத்தில் மூன்று நாள் உட்கார்ந்தார்கள். ஊர்க்கோடியில் தனிக் குடிசை கட்டிப் பெண்களை அதில் ஒதுக்கி வைக்கும் ஊர்களும் தமிழ்நாட்டில் இருந்தன.

முஸ்லிம் தோழர்கள் கேட்பார்கள், எங்களிடம் எப்படி என்று. குர்ஆனில் ஷைத்தான் இருவரையும் வழிதவறச் செய்தான் என்றே இருக்கிறது. ஓரிடத்தில் ஆதமிடமே பேசுகிறான். இருவரும் வருந்த, ஆண்டவன் மன்னித்துவிட்டான். பிள்ளைகளுக்குப் பாவம் ஒட்டவில்லை. கதை நியாயமானதுதான். கதை நியாயமாக இருந்ததால் அந்த வீட்டுப் பெண்களுக்கு எல்லா நியாயமும் கிடைத்துவிட்டதா என்பதை இங்கே வந்திருக்கும் முஸ்லிம் சகோதரிகளே சொல்லட்டும்.

கடைசியாக பைரன் பிரபு 1821-ல் எழுதிய "காயீன்" என்ற செய்யுள் நாடகம். இங்கே சோதிக்கப்படுகிறவன் ஏவாளின் மகன். நான் பிறக்குமுன் அப்பனும் ஆத்தாளும் தின்ற பழத்துக்கு நான் ஏன் உழைத்துச் சாகவேண்டும் என்பது அவன் கேள்வி. லூஸிபர் வந்து அவனுக்குக் காட்டுவது பொன்னோ பெண்ணோ அல்ல, அறிவு. காயீன் கடைசியில் தம்பியைக் கொல்லுகிறான்; அதை யாரும் சரியென்று சொல்லமாட்டோம். பெற்ற தாய் ஏவாளே அவனை வாயாரச் சபிக்கிறாள். சாபம் வாங்கியவளுக்குச் சாபம் கொடுக்கவும் பழகிவிட்டது. அவன் மனைவி ஆதா மட்டும், நானும் கூட வருகிறேன் என்று பிள்ளைகளோடு புறப்படுகிறாள்.

ஆனால் அவன் கேட்ட கேள்வி செத்துப்போகவில்லை. முன்னோர் செய்ததற்குப் பின்னோருக்குத் தண்டனை என்பது ஏதேன் தோட்டத்துச் சரக்கு மாத்திரமா? பூர்வஜென்ம கர்மம் என்று சொல்லிச் சேரியில் வைத்ததும் அதுதானே? 2012 நவம்பரில், இதே ஜில்லாவில், இந்த மேடையிலிருந்து அதிக தூரமில்லாத நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. ஒரு பெண் தன் புருஷனைத் தானே தெரிந்தெடுத்துக் கொண்டாள். அவன் வேறு ஜாதி, ஆதிதிராவிடன். அதற்காக மூன்று குடியிருப்புகளில் 200-க்கு மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. அந்த வீடுகளில் இருந்த கிழவிகளும் குழந்தைகளும் எந்தக் கனியைத் தின்றார்கள்? ஒரு பெண் தானே யோசித்து ஒரு முடிவு செய்ததுதான் அங்கே பாவம். மில்டன் பாட்டிலே இருந்த அதே பாவம். பாட்டில் தோட்டத்தை விட்டுத் துரத்தினார்கள். இங்கே வீட்டைக் கொளுத்தினார்கள். ஏன் பழைய பாட்டுகளை நோண்டுகிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் வேறு பதில் வைத்திருக்கவில்லை.

நம் ஊரிலும் ஒரு கனிக் கதை உண்டென்பது உங்களுக்குத் தெரியும். இது தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். கிடைத்தற்கரிய நெல்லிக்கனி கிடைத்தது. தின்றவர் நீண்டநாள் இருப்பாராம். அவன் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். ஔவை அதைப் பாடியிருப்பது புறநானூற்றில் 91-ஆம் பாட்டாக இருக்கிறது. எந்தக் கனியும் சாவை நீக்காது. நெல்லியில் ஸி வைட்டமின் நிறைய உண்டு, அவ்வளவுதான். (சிரிப்பு) ஆனால் கற்பனையின் போக்கைப் பாருங்கள். அங்கே பெண் ஆணுக்குக் கனி கொடுத்தாள், குடும்பமே நாசம். இங்கே ஆண் பெண்ணுக்குக் கனி கொடுத்தான், அவள் பாடினாள், அவன் பெயர் நின்றது. ஔவை யார்? அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள். அவனோடு உட்கார்ந்து கள்ளுண்டவள். அவன் செத்தபோது அழுது பாடியவள். அவளை யாரும் கல்லாக்கவில்லை.

இதைச் சொல்லி நம் பழம்பெருமையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நானும் நினைத்தேன். பாட்டை மறுபடி பார்த்தபோது ஒன்று இடித்தது. கனியின் குணத்தை அதியமான் அவளுக்குச் சொல்லவில்லை. மனத்திலே அடக்கிக்கொண்டு கொடுத்தான் என்கிறாள் ஔவையே. சொன்னால் அவள் வாங்கமாட்டாள், நீயே தின் என்பாள் என்பதற்காகத்தான் மறைத்தான் என்று விளக்கம் சொல்லுவார்கள். இருக்கட்டும், நல்ல எண்ணந்தான். ஆனாலும் ஏதேனில் ஏவாளுக்குத் தெரியாமலிருந்தது போலவே, தகடூரிலும் தின்னும்போது ஔவைக்குத் தெரியாது. தெரிந்தவன் ஆண், தின்றவள் பெண். ஔவையைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதை எந்தப் புலவரும் பாடவில்லை.

லேனியர் அம்மையின் அந்தப் பகுதியைத் தமிழாக்கி அடுத்த மாதக் கூட்டத்தில் வாசிப்பதாகக் கல்லூரியில் படிக்கும் தோழியர் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செய்யுளாகத்தான் வரவேண்டுமென்று நான் வற்புறுத்தவில்லை. ஔவையிடம் கேட்கப்படாத அந்தக் கேள்விக்கும் ஒரு பதில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அன்று நான் பேசமாட்டேன், கேட்பதற்கு வருகிறேன். (கைதட்டல்)